முத்துக்கரையின் நான்கு துறைகள்

பழைய நகரம் ஒன்றைக் காணச் செல்பவர்கள் முதலில் தேடுவது அதன் மதிலையும் வாயிலையுமே. ஜெர்மனி நாட்டிலே ரோத்தன்பர்க் என்றொரு சிற்றூர் உண்டு. இடைக்காலத்து மதில் இன்றும் அவ்வூரைச் சூழ்ந்து நிற்கிறது. மதிலின் மேல் நடந்துகொண்டே ஊரைப் பார்க்கலாம். 1945ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், வானிலிருந்து விழுந்த குண்டுகளால் அம்மதிலின் ஒரு பகுதி இடிந்தது. பல நாட்டு மக்கள் பொருள் உதவி அதனை மீண்டும் எழுப்பினார்கள். உதவியவர்களின் பெயர்கள் மதிலிலேயே சிறு சிறு கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன.

இச்செய்தியைப் படித்தபோது என் உள்ளம் நம்முடைய தூத்துக்குடிக் கரைக்குச் சென்றது. இரண்டாயிரம் ஆண்டுகளாக உலகம் அறிந்த கரை அது. ஆயினும் அங்கே நடந்து பார்க்க மதில் இல்லை. அண்ணாந்து பார்க்கக் கோட்டை வாயிலும் இல்லை. ‘உப்பளத்தையும் துறைமுகத்தையும் தவிர அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர் பலர். சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு இரண்டு நாள் அக்கரையைச் சுற்றி வந்தேன். அந்தப் பயணத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பயணத்தின் முடிவில் ஒரு மாணவி கேட்ட கேள்வியையும், உடனே விடை கூற இயலாமல் நான் நின்றதையும் மறைக்காமல் சொல்வேன்.

அக்கரையைக் காண்பதற்கு ஒரு முறை உண்டு. தூத்துக்குடி நகரிலிருந்து தொடங்குவதைவிட, பொருநை எனப்படும் தாமிரபரணியாற்றின் கரையிலிருந்து தொடங்கி நகருக்கு வந்து சேர்வதே நல்லது. பொதிய மலையிலே பிறக்கும் அவ்வாறு நெல்லைச் சீமையை வளப்படுத்திவிட்டுக் கீழ்க்கடலில் கலக்கிறது. வரும்போது வெறும் நீரை மட்டும் கொண்டு வருவதில்லை. வண்டலையும் கொண்டு வருகிறது. ஆண்டாண்டாகச் சேர்ந்த வண்டல் முகத்துவாரத்தைத் தூர்த்தது. கடல் கிழக்கே விலகியது. கடல் விலக விலக, கப்பலும் வணிகரும் கடலைத் தொடர்ந்து சென்றனர். கொற்கை, காயல், புன்னைக்காயல், தூத்துக்குடி என்ற நான்கு துறைகளும் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தவை. ரோத்தன்பர்க்கில் வரலாற்றை மதிலின் மேல் காணலாமென்றால், நம் கரையில் அதனை ஆற்றின் வண்டலில் காண வேண்டும்.

காலையில் ஏரல் வழியாகக் கொற்கைக்குச் சென்றோம். வாழையும் நெல்லும் சூழ்ந்த சிற்றூர். இன்று கடல் அங்கிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. ‘இதுவா துறைமுகம்?’ என்று மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கப் புலவர்கள் முத்துக்குப் பெயர்பெற்ற பெருந்துறையாகப் பாடியது இவ்வூரையே. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியிலே எழுதப்பட்ட ‘பெரிப்ளுஸ்’ என்னும் கடல்வழி நூலிலும், இரண்டாம் நூற்றாண்டினராகிய தாலமியின் நிலநூலிலும் ‘கொல்கி’ என்று குறிக்கப்படுவதும் இதுவே. கண்ணகிக்கு விழா எடுத்த வெற்றிவேற் செழியன் கொற்கையிலிருந்தவன் என்று சிலப்பதிகாரம் கூறும். குளக்கரையில் வெற்றிவேல் அம்மன் கோயிலும், ஊருக்குள் மிக முதிய வன்னிமரம் ஒன்றும் உள்ளன. அருகே அக்கசாலை என்னும் இடத்தில் பழைய சிவன் கோயில் இருக்கிறது. அக்கசாலை என்பது நாணயம் அடிக்கும் சாலையைக் குறிக்கும் சொல். பாண்டியரின் நாணயச் சாலை இருந்த இடத்தை அப்பெயர் இன்றும் காட்டி நிற்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விடங்களை அகழ்ந்து பார்த்துக் கொற்கையையும் காயலையும் அடையாளங் காட்டியவர் கால்டுவெல். பின்னர் 1968-69இல் தமிழகத் தொல்பொருள் துறை இங்கே அகழாய்வு செய்தது. அப்போது கிடைத்த கரித்துண்டு ஒன்றை அறிவியல் முறையில் ஆராய்ந்ததில் அதன் காலம் கி.மு. 785 அளவில் அமைந்தது. 2021இல் மீண்டும் அகழாய்வு நடைபெற்றது. வயல் வரப்பில் நின்று இவற்றைச் சொன்னபோது, காலடியில் கிடந்த ஒரு சிப்பி ஓட்டை மாணவன் ஒருவன் எடுத்துக் காட்டினான். ஏழெட்டுக் கிலோமீட்டர் உள்நாட்டில் கடற்சிப்பி எப்படி வந்தது என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கொற்கையில் அவர்களுக்கு ஒரு செய்தியை மட்டும் அழுத்திச் சொன்னேன். பாண்டிய மன்னனுக்கு உரிய அந்த முத்துக்குளிப்பில் குற்றவாளிகளாகத் தண்டிக்கப்பட்டவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று பெரிப்ளுஸ் கூறுகிறது. உரோமாபுரிச் சீமாட்டிகளின் காதிலும் கழுத்திலும் ஒளிவிட்ட முத்துக்களைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம். அவற்றைக் கொண்டுவர மூச்சை அடக்கி மூழ்கியவர்கள் தண்டனை பெற்ற மனிதர்கள் என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

இவ்வழி செல்வோர் ஆதிச்சநல்லூரையும் காணாமல் திரும்பலாகாது. ஆற்றின் தென்கரையில் உள்ள அந்தப் பரம்பிலே பழந்தமிழர் இறந்தவர்களைத் தாழிகளில் இட்டுப் புதைத்தனர். 1876இல் பெர்லின் நகரத்து ஜாகோர் என்பவர் அங்கே தோண்டி, கிடைத்த பொருள்களைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். பின்னர் அலெக்சாண்டர் ரீ என்பவர் 1899 முதல் 1905 வரை ஆய்வு செய்து, இரும்புக் கருவிகளையும் வெண்கலப் பொருள்களையும் பொன்னாலான நெற்றிப் பட்டங்களையும் கண்டெடுத்தார். அகழ்ந்த குழிகளையும் தாழிகளையும் இருந்த இடத்திலேயே காணும் வகையில் 2023இல் அங்கு ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது.

அடுத்தது காயல். பழையகாயல் என்று இன்று வழங்கும் ஊரும் கடலைவிட்டுச் சற்று உள்ளே தள்ளியே இருக்கிறது. கொற்கை தூர்ந்த பின் பாண்டியரின் பெருந்துறையாக விளங்கியது இது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்திலிருந்து கடல்வழியே திரும்பிய வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இத்துறையைக் குறித்து எழுதியிருக்கிறார். ஓர்மூசிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல்கள் குதிரைகளை ஏற்றிக்கொண்டு இங்கே வந்தன. கால்டுவெல் இந்த நிலப்பரப்பிலே நடந்து பார்த்தபோது, சீன நாட்டுப் பீங்கான் ஓடுகளும் அரபு நாட்டு மட்கல ஓடுகளும் எங்கும் சிதறிக் கிடந்தன.

முத்துக்குளிப்பைப் பற்றியும் மார்க்கோ போலோ விரிவாகக் கூறுகிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. குளிப்பவர்களைப் பெருமீன்கள் தீண்டாதபடி மந்திரம் ஓதுவோர் உடன் செல்வார்கள். இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. எஞ்சியது பொருள் முதலிட்ட வணிகர்களுக்கு. குளித்தவர்கள் கூலி பெற்றார்கள். இக்கணக்கைக் கேட்ட மாணவர்கள் கொற்கையின் கணக்கோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ‘தண்டனை கூலியாக மாறியிருக்கிறது’ என்றான் ஒருவன். அவன் சொன்னது சரியே.

தெற்கே, கடலோரமாகவே அமைந்த காயல்பட்டினத்தில் பழைய பள்ளிவாசல்கள் பல உள்ளன. அரபு நாட்டு வணிகத் தொடர்பும் தமிழும் கலந்து வளர்ந்த முஸ்லிம் மக்களின் ஊர் அது. அதன் தெருக்களில் நடந்தாலே காயல் வணிகத்தின் நினைவு மறையவில்லை என்பது விளங்கும்.

ஆற்றைக் கடந்து ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களின் வழியே கிழக்கே சென்றால், பொருநை கடலில் கலக்குமிடத்தில் மூன்றாவது துறையாகிய புன்னைக்காயல் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேசியர் இங்கே நிலைகொண்டனர். முத்துக்குளிக்கும் உரிமையைப் பற்றி எழுந்த பூசலில் பரதவ மக்கள் அவர்களின் துணையை நாடினர். 1535ஐ அடுத்த சில ஆண்டுகளில் பல்லாயிரவர் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினர். 1542இல் சவேரியார் இக்கரைக்கு வந்து ஊர் ஊராக நடந்தார். அவர் தங்கியதாகக் கூறப்படும் குகையைத் திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டில் காணலாம். அங்கே கடலை நோக்கி நீண்ட மணற்குன்றின்மேல் 1581இல் எழுப்பிய திருச்சிலுவைக் கோயில் நிற்கிறது. இடையிலே திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் கடலில் செல்வோருக்கும் வழிகாட்டியாக உயர்ந்து விளங்குகிறது.

புன்னைக்காயலில் பார்ப்பதற்குப் பெருங்கட்டடம் தேட வேண்டியதில்லை. அங்கே நினைக்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அவர் அண்டிரிக் அடிகளார். போர்த்துக்கல் நாட்டில் பிறந்து, இக்கரையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து, தமிழ் கற்று, 1600இல் மறைந்தவர். 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்துக்களில் இந்நாட்டில் முதன்முதலாக அச்சேறிய நூல் அதுவே. அதன் பிரதி ஒன்று இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. தமிழ் அச்சுப் பணிக்கு வேண்டிய பொருளைத் திரட்டிக் கொடுத்தவர்கள் யார்? அரசரும் அல்லர், வணிகரும் அல்லர். இம்முத்துக்கரையின் பரதவ மக்களே. இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

மறுநாள் தூத்துக்குடி நகரைச் சுற்றினோம். முதலில் பனிமய மாதா கோயிலுக்குச் சென்றோம். அங்குள்ள மாதாவின் உருவம் 1555இல் கப்பலில் வந்தது என்பர். இன்று நாம் காணும் கோயில் 1713இல் கட்டப்பட்டது. அப்போது நகரை ஆண்டவர்கள் ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர். அவர்கள் வேறு சபையினர். ஆயினும் மக்கள் தங்கள் கோயிலை எழுப்பிக்கொண்டனர். 1806 முதல் சில சிறப்பான ஆண்டுகளில் இங்கே பொற்றேர் ஓடுகிறது. ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் 26ஆம் நாள் கொடியேறி, ஆகஸ்டு 5ஆம் நாள் திருவிழா நிறைவு பெறும். கடலில் எங்கே தொழில் செய்தாலும் அந்நாளில் ஊர் திரும்பிவிடுவது இக்கரை மக்களின் வழக்கம்.

ஒல்லாந்தர் 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கேசியரிடமிருந்து கைப்பற்றினர். அவர்கள் 1750இல் கட்டிய திரித்துவ ஆலயம் கடற்கரைச் சாலையில் உள்ளது. முத்தும் சங்கும் துணியும் அவர்களை இங்கே இழுத்தன. ஆங்கிலேயருக்கும் அவர்களுக்கும் இடையே நகரம் பன்முறை கைமாறி, 1825ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் முடிவாக ஆங்கிலேயரிடம் சேர்ந்தது. ஒல்லாந்தரின் கம்பெனி தன் பெயரின் முதலெழுத்துக்களை இணைத்து வி.ஓ.சி. என்று நாணயங்களில் பொறித்து வந்தது. காலம் ஒரு வேடிக்கை செய்தது. அதே மூன்றெழுத்துக்களால் அறியப்பட்ட தமிழர் ஒருவர் பிற்காலத்தில் இதே கடலில் அயலாரை எதிர்த்துக் கப்பல் ஓட்டினார்.

ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை, 1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய். அடுத்த ஆண்டிலே ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. 1908இல் கோரல் மில் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்கும் அவர் தலைமை தாங்கினார். அதே ஆண்டில் சிறைப்பட்டார். சிறையிலே அவர் செக்கிழுத்தபோது கப்பல் கம்பெனியும் நொடித்தது. அவர் தம் இறுதி நாட்களைக் கழித்து 1936இல் கண்மூடியதும் இந்நகரிலேயே. ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த இல்லம் நினைவிடமாக உள்ளது. அதற்கு அருகில்தான் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியும் இருக்கிறது.

மாலையில் பழைய துறைமுகத்துக்கு வந்தோம். இங்குக் கடல் ஆழமற்றது. ஆகவே, முற்காலத்துப் பெருங்கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் தொலைவிலே நங்கூரமிட்டு நின்றன. தோணிகளே சரக்கைச் சுமந்து சென்றன. 1876இல் இருப்புப்பாதை வந்தது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து இங்கே கப்பலேறிக் கொழும்பு செல்வது, 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை பெருவழியாக இருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற ஏழை மக்கள் பலர் கடைசியாக மிதித்த தாய்மண் இந்தத் துறையே. நகருக்குத் தெற்கே கடலுக்குள் நெடுந்தொலைவு அலைதடுப்புச் சுவர்கள் அமைத்துக் கட்டிய புதிய துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் அது வ.உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கியுள்ளது.

இனி முத்துக்கு வருவோம். கடலடியில் உள்ள பாறைத் திட்டுக்களைப் ‘பார்’ என்பர். முத்துச் சிப்பி அங்கே ஒட்டி வளரும். முத்துக்குளிப்பைச் சலாபம் என்று வழங்குவர். கடல் அமைதியாக இருக்கும் பங்குனி சித்திரையில் அது நடைபெறும். விடியுமுன் கரைக்காற்றிலே பாய்விரித்துச் செல்லும் தோணிகள் காலையில் பாரை அடையும். குளிப்பவர் காலடியில் கல்லைக் கோத்து, இடுப்பில் வலைப்பையைக் கட்டி, மூச்சை அடக்கிப் பத்துப் பாகம் ஆழம்வரை இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அள்ளியதை அள்ளிக்கொண்டு கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுப்பார். அந்தக் கயிற்றைப் பிடித்தவரின் கவனமே கீழே இருப்பவரின் உயிர். ஆங்கிலேயர் காலத்தில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும், ஒரு பங்கு தோணியில் வந்தவர்களுக்கும் உரியது. அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். பெரும்பாலான சிப்பிகளுக்குள் முத்தே இராது.

பல ஆண்டுகள் சிப்பி பெருகுவதும், பின்பு பாரைவிட்டு அடியோடு மறைவதும் இக்கடலின் இயல்பு. 1955இல் தொடங்கிய குளிப்பு 1961இல் முடிந்தது. அதன்பின் இக்கரையில் சலாபம் நடைபெறவில்லை. 1973இல் தூத்துக்குடியில் உள்ள கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருவைப் பதித்து முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டனர். ஆயினும் கடலடி முன்போல் இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பவளப் பாறைகளை நாம் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தோம். மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னரும் அது முற்றிலும் நிற்கவில்லை. அலையைத் தடுக்கும் பாறை குறைந்தால் தீவு கரையும். தூத்துக்குடியை அடுத்த விலங்குசல்லித் தீவு நீருக்குள் மறைந்துவிட்டது. வான் தீவு தேய்ந்தது. கொற்கையை ஆறு தூர்த்தது; இத்தீவுகளை நம் கை கரைத்தது.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். அப்போதுதான் அந்த மாணவி கேட்டாள்: “ஐயா, கொற்கையில் பாண்டியன் பெயரைக் கேட்டோம். காயலில் மார்க்கோ போலோவின் பெயரைக் கேட்டோம். அடிகளார் பெயரும் கம்பெனியார் பெயரும் கேட்டோம். முத்தை எடுத்தவர் ஒருவரின் பெயராவது எங்கேனும் எழுதியிருக்கிறதா?”

ரோத்தன்பர்க் மதிலில் கல்லுக்கொரு பெயர் இருப்பது என் நினைவுக்கு வந்தது. இரண்டாயிரம் ஆண்டுக் காலத்தில் இக்கடலில் மூழ்கியவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களுள் ஒருவர் பெயரையும் என்னால் சொல்ல முடியவில்லை. “நாளை காலை சொல்கிறேன், அம்மா” என்று கூறித் தங்குமிடத்திற்குத் திரும்பினேன்.

காலையில் மாணவர்களைத் திரேஸ்புரம் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்து இன்றும் சங்கு குளிக்கக் கடலுக்குச் செல்பவர்கள் உண்டு. வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களோடு பேசினார். அவருடைய தந்தையார் முத்துக்குக் குளித்தவர். அவர் சங்குக்குக் குளித்தவர். ஆழத்தில் அழுந்தி அழுந்தி ஒரு காது கேளாமற் போயிருந்தது. ஆகவே, நாங்கள் கேட்டதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. “முத்து கிடைத்த கதையைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், வாத்தியாரையா, வெறுஞ்சிப்பி கிடைத்த கதையை யாரும் கேட்பதில்லை” என்றார் அவர்.

அங்கே நின்றுதான் மாணவிக்கு விடை சொன்னேன். “பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை, அம்மா. ஆனால் புன்னைக்காயலில் நான் சொன்னதை நினைத்துப் பார். தமிழ் எழுத்து முதன்முதலாக அச்சேறுவதற்குப் பொருள் கொடுத்தவர்கள் இவர்களுடைய முன்னோர்கள். நீயும் நானும் படிக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. அதில் அவர்களின் பெயர்களையும் எழுதும் கடன் இனி நம்முடையது” என்றேன்.

மாணவ நண்பர்களே, விடுமுறையில் தூத்துக்குடிக்குச் செல்லுங்கள். கொற்கையின் வயலையும், காயலின் ஓடுகளையும், பொருநையின் முகத்துவாரத்தையும், பனிமய மாதா கோயிலையும் வரிசையாகக் காணுங்கள். கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். அன்று அம்மாணவி என் விடைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மணலில் அமர்ந்து குறிப்பேட்டைத் திறந்து, அம்முதியவரிடம் அவருடைய தந்தையார் பெயரைக் கேட்டாள். முதல்முறை கேட்டது அவர் காதில் விழவில்லை. அவள் இன்னும் அருகில் சென்று மறுபடியும் கேட்டாள்.